தொடைக்கு அடியில் கை

கிளைடர் ஓட்ட எனக்கு நன்றாக வரும். சொல்லித்தரத்தான் வராது. அதற்குத்தான் புனேக்குப் பயிற்சிக்கு வந்தேன். தேறினால் பயிற்றுநர் வேலை. தேறாவிட்டால் கோயம்புத்தூரில் விட்டுவந்த லேத் பட்டறை. அந்த இரும்புத்தூளை மறுபடி மூக்கில் ஏற்றிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

கிளைடருக்கு இன்ஜின் கிடையாது. தரையிலிருக்கும் வின்ச் இயந்திரம் கம்பியால் இழுத்து மேலே ஏற்றிவிடும், அப்புறம் காற்றுதான். மாணவர் முன்னால், பயிற்றுநர் பின்னால். இரண்டு பேருக்கும் ஓட்டுவதற்கு ஆளுக்கொரு ஸ்டிக், கீழே இரண்டும் இணைந்திருக்கும். பின்னால் ஒருவன் கை வைத்தால் முன்னால் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

எனக்குப் பயிற்சி தந்தவர் மராட்டியப் பெண், என்னைவிட வயதில் சிறியவர். மாணவியாக நடித்து முன்னால் உட்கார்ந்து வேண்டுமென்றே தப்பாக ஓட்டுவார். நான் உடனே ஸ்டிக்கைப் பிடுங்குவேன். ஒருநாள் இறங்கியதும் ஹெல்மெட் இல்லாத என் தலையில் குட்டுவதுபோல் இந்தியில் கேட்டார்:

"மொத்த நேரமும் நீங்கதான் ஓட்டினீங்க. நான் எதுக்கு வந்தேன், வேடிக்கை பார்க்கவா?"

"நீங்க தப்பா ஓட்டினீங்க."

"தப்பா ஓட்டத்தான் மாணவன் வருவான். தேர்விலும் இப்படிப் பிடுங்கினா ஊருக்கு டிக்கெட் எடுத்துக்குங்க."

எரிச்சலோடு புனேயின் மறுகோடியில் இருக்கும் ஔந்த் பகுதிக்குத் திரும்பினேன். அங்கே அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அத்தானுக்கு வங்கி வேலை. அக்கா அப்போதுதான் அவருடைய பழைய மாருதியில் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டில் நான். அன்றும் திருப்பத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். அவள் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டாள்.

"என்றா பண்ற? உன்ற கையை வெட்டித்தான் போடோணும்!"

"சுவத்துல மோதிருப்ப."

"மோதுனா அத்தான் திட்டிக்குவார். நீ வாத்தியாரா, வழிப்பறிக்காரனா? கையைத் தொடைக்கு அடியில வெச்சு உக்காரு. இல்லைன்னா எறங்கி நட."

நடக்க முடியாத வெயில். கையைத் தொடைக்கு அடியில் வைத்தேன். உள்ளங்கை வேர்த்தது. அவள் கியரைக் கரகரவென்று மாற்றினாள், ஒரு பால்காரரின் சைக்கிளை மயிரிழையில் தாண்டினாள். நான் வாயால் மட்டும் சொன்னேன். ஆச்சரியம், அவள் சொன்னபடி கேட்டாள். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அப்படியே போனோம். அவள் எனக்காக வரவில்லை, காருக்காக வந்தாள். எனக்கும் அது போதும்.

தேர்வு நடத்த வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். பருத்த உடம்பு, பேச்சு குறைவு. மாணவராக நடித்து முன் சீட்டில் உட்கார்ந்தார். மேலே எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. இறங்குவதற்குமுன் ஓடுதளத்தை நோக்கித் திரும்பும் கடைசித் திருப்பத்தில், மூக்கை மெல்ல உயர்த்திக்கொண்டே போனார். வேகம் குறைந்தது; அளவுக்கு மேல் குறைந்தால் கிளைடர் விழுந்துவிடும். காற்றின் இரைச்சல் அடங்கிக்கொண்டே வந்தது. கிளைடரில் கெட்ட சத்தம் என்றால் இந்த அமைதிதான்.

"மூக்கைத் தாழ்த்துங்க," என்றேன். கை தொடைக்கு அடியில்.

அவர் அசையவில்லை.

"மூக்கைத் தாழ்த்துங்க!"

அப்போதும் இல்லை. இனி பொறுத்தால் தப்பு. "கண்ட்ரோல் என்னிடம்," என்று சொல்லிவிட்டுப் பிடித்தேன், பிடுங்கவில்லை. மூக்கு தாழ்ந்தது, இரைச்சல் திரும்பியது, நேராக்கினேன். ஓடுதளம் எதிரே இருந்தது. இதுவரை நான் ஒருமுறைகூடச் செய்யாததைச் செய்தேன். "இப்போ உங்களிடம்," என்று திருப்பிக் கொடுத்தேன்.

கிளைடர் லேசாகக் குதிக்க, அவர் இறக்கினார். என் முதுகெலும்பு நொந்தது. நின்றதும் அவர் பின்னால் திரும்பிக் கேட்டார்:

"ஏன் திருப்பிக் கொடுத்தே?"

"நானே இறக்கினா நீங்க எப்ப கத்துக்குவீங்க, அய்யா?"

அய்யா என்று சேர்த்தது நல்லதாகப் போயிற்று. சிரித்தார். சாயங்காலம் தேறியவர்களில் என்னையும் சேர்த்துச் சொன்னார்கள்.

பயிற்சி மைதானத்தின் வாசலில் மாருதி நின்றது. அக்கா தனியாக ஊரின் அந்தக் கோடியிலிருந்து ஓட்டி வந்திருந்தாள். பம்பரில் புதுக் கீறல். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

திரும்பும்போது சிக்னலில் வண்டி அணைந்தது. பின்னால் ஒரே ஹார்ன். ஜன்னல் வழியே தலையை நீட்டி, எனக்குத் தெரிந்த தமிழ் வசவெல்லாம் ஹார்ன் அடித்தவர்கள்மேல் கொட்டினேன். அதற்குள் அவளே வண்டியைக் கிளப்பிவிட்டாள்.