கதிர் அப்பாவின் ஒத்திகைகள்

வகுப்பு நடக்கும்போது ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டால் பையை வைத்துவிட்டுத்தான் போவோம். அன்றைக்கு பி.டி. மிஸ் வந்து என் பெயரைச் சொல்லிவிட்டு, "பையையும் எடுத்துக்கோம்மா" என்றார். திரும்ப வகுப்புக்கு வரப்போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. படிக்கட்டில் இறங்கும்போது அண்ணாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அண்ணாவுக்குத்தான் நடக்கும். கீழே பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். அப்பா ஒரகடத்தில் வேலை செய்யும் கம்பெனியில் மயங்கி விழுந்ததையும், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டதையும் பைக் ஓட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

செம்பாக்கம் ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு கூடுகிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அப்பாவின் பெயர் தெரியாது. தருண் அம்மா, ஜோயல் அப்பா என்று பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் கூப்பிடுவீர்கள். அவரும் உங்களுக்குக் கதிர் அப்பா. தெருமுனையில் ஒட்டியிருந்த அஞ்சலி போஸ்டரில் முரளிதரன் என்ற பெயரைப் படித்த ஜோயல் அப்பா, யாரோ என்று கடந்து போய்விட்டு, படம் நினைவுக்கு வந்து திரும்பி ஓடி வந்தாராம். நான் கதிரின் தங்கை நிவேதா. ஒன்பதாவது படிக்கிறேன். நம் வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் எழுதிய இரங்கல்களை அப்பாவின் போனில் படித்தேன். போன் என்னிடம் இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் வைத்து எழுதுகிறேன். அப்பாவின் எண்ணிலிருந்து செய்தி வந்திருப்பதைப் பார்த்து நீங்கள் பயந்துவிடக் கூடாது.

உங்களில் புதிதாக வந்தவர்களுக்கு அப்பா முதலில் சொல்வது ஒத்திகையைப் பற்றித்தான். "புதுசா வர்றது எதுவும் நம்ம பசங்க மேல திடீர்னு விழக் கூடாது. முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா காட்டிடணும்" என்பார். அண்ணாவுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபோது நான் கைக்குழந்தை. அதன் பிறகு எங்கள் வீட்டில் பல் டாக்டர், மின்சார ரயில், கல்யாண மண்டபம் என்று எல்லாவற்றுக்கும் ஒத்திகை நடந்தது.

முடிவெட்டுவதற்கு நடந்த ஒத்திகையை அப்பா உங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். அண்ணாவின் தலையில் யார் கை பட்டாலும் ஆகாது. அதனால் அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு போய் முதல் வாரம் சலூனுக்கு வெளியே நின்றுவிட்டு வந்தார். அடுத்த வாரம் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதற்கடுத்து அப்பா நாற்காலியில் உட்கார்ந்து தன் தலையை வெட்டிக் காட்டினார். மறுவாரமும் காட்டினார். கடைக்காரர் ஒருநாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா சார் நீ, பேஜாரா கீது. உன் தலையில இனிமே வெட்டறதுக்கு இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லன்னா சும்மா மிஷினை ஓட்டுப்பா. அவனுக்கு அந்தச் சத்தம் கேக்கணும்."

அப்பா மொட்டையானதுதான் மிச்சம். கம்பெனியில் எந்தக் கோயில் என்று கேட்டிருக்கிறார்கள். "கதிர் கோயில். வேண்டுதல் இன்னும் முடியல" என்றாராம். அப்பாவின் முடி மறுபடி வளர்ந்த சமயத்தில் அண்ணா தானாகவே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அன்றைக்குக் கடைக்காரர் கைதட்டப் போய், அப்பா பாய்ந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். கைதட்டலுக்கு ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

சிரிக்க முடியாதவையும் உண்டு. அண்ணாவை ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். மற்ற பெற்றோர் புகார் சொல்கிறார்கள், அவனுக்கென்று தனியாக ஆள் போட முடியாது என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்பா சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "கடைசி நாள் எதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க மேடம். அவன்கிட்ட நான் சொல்லணும்."

அந்தக் கடைசி நாளுக்கு மறுநாள் காலையில் அப்பா லீவு போட்டார். அண்ணா யூனிபார்ம் கேட்டு நின்றான். அப்பா அவனைச் சாதாரணச் சட்டையில் பள்ளி கேட் வரை கூட்டிப் போனார். மற்ற பிள்ளைகள் உள்ளே போனார்கள். கேட் மூடியது. "ஸ்கூல் முடிஞ்சுது" என்று சொல்லி, அவன் கையை எடுத்து மூடிய கேட்டின் மேல் வைத்தார். வீட்டுக்கு வந்து யூனிபார்மை அவனையே மடிக்கச் செய்து பரண்மேல் வைத்தார். அண்ணா அந்த வாரம் முழுவதும் கத்தினான். பக்கத்து வீட்டில் கதவைத் தட்டினார்கள். அம்மா அப்பாவைத் திட்டினாள். "லீவுன்னு சொல்லியிருந்தா சும்மா இருந்திருப்பான்ல?"

"லீவுன்னு சொன்னா தினமும் யூனிபார்ம் போட்டுக்கிட்டுக் காத்திருப்பான். அழட்டும். தெரிஞ்சு அழறான். அது அடம் இல்ல, அழுகை."

அப்பா பொறுமையே உருவானவர் என்று குரூப்பில் எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. அண்ணா அம்மாவின் கையைக் கடித்து ரத்தம் வந்த ஒருநாள் அப்பா அவனை அறைந்தார். அதன் பிறகு நெடுநாளைக்கு அப்பா பக்கத்தில் வந்தாலே அண்ணா கன்னத்தை மூடிக்கொள்வான். அப்பா ஒவ்வொரு முறையும் நின்று, கையை விரித்துக் காட்டி, காத்திருந்து, பிறகுதான் கிட்டே போவார். அண்ணா கன்னத்திலிருந்து கையை எடுக்கும் வரை அந்த ஒத்திகை நடந்தது.

இப்போது சொல்லப்போவதுதான் உங்களுக்குத் தெரியாது.

அப்பாவின் கம்பெனி பஸ் சாயங்காலம் மெயின் ரோடு முனையில் அவரை இறக்கிவிடும். அந்த நேரத்துக்கு அண்ணா ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பான். அப்பா வந்து குடித்த பிறகுதான் உள்ளே வருவான். பஸ் கொஞ்சம் தாமதமானாலும் கத்துவான். போன வருஷம் டியூஷன் முடிந்து வரும்போது, முனையில் இருக்கும் டீக்கடைக்குப் பின்னால் அப்பா ஒளிந்து நிற்பதைப் பார்த்தேன்.

"என்னப்பா, பஸ் அப்பவே போயிடுச்சே?"

"உஷ். இன்னும் கொஞ்ச நேரம். வாசல்ல என்ன பண்றான், போய்ப் பாத்துட்டு வா."

பார்த்துவிட்டு வந்தேன். "நிக்கறான். கத்தல. 'அப்பா அப்புறம்'னு சொல்லிக்கிட்டு இருக்கான்."

நான் நூற்றுக்கு நூறு வாங்கினால்கூட அப்பாவின் முகம் அப்படி ஆனதில்லை. கொஞ்ச நாளாகவே தினமும் சிறிது சிறிதாகத் தாமதித்து வந்து, "அப்பா அப்புறம்" என்று சொல்லிக் காத்திருக்க அவனைப் பழக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எதுக்குப்பா இதெல்லாம்?"

"ஒரு நாள் நான் வராமப் போயிட்டா அவன் பழகியிருக்கணும்ல."

"போப்பா!"

"ஐயோ, டிராபிக்கைச் சொன்னேன்டி" என்று சிரித்தார்.

அந்த ஒத்திகையில் பாதியைத்தான் அவரால் சொல்லிக்கொடுக்க முடிந்தது. எவ்வளவு தாமதித்தாலும் கடைசியில் அவர் வந்துவிடுவாரே.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று அண்ணாவை எதிர்வீட்டு மாடியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். மேளச் சத்தம் அவனுக்கு ஆகாது, கலாட்டா ஆகிவிடும் என்றார் பெரியப்பா. கொள்ளியும் அவர்தான் வைத்தார். அண்ணா அப்பாவைப் பார்க்கவில்லை. யாரும் அவனிடம் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றான். "அப்பா அப்புறம்" என்றான். "ஆமாம்டா கண்ணு, அப்புறம் வருவாரு" என்று துக்கத்துக்கு வந்த ஒருவர் சொல்லிவிட்டார். அதன் பிறகு எல்லோரும் அதையே சொன்னார்கள். அவன் கத்தவே இல்லை. இருட்டிய பிறகு நான்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருவேன். "பாரு, பெத்த அப்பன் செத்தது கூட உறைக்கல" என்று பின்னால் பேசினார்கள். அவ்வளவு நன்றாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார் அப்பா.

படப்பைக்கு அப்பால் உள்ள ஒரு இல்லத்தில் அண்ணாவைச் சேர்க்கப் பெரியப்பா பேசிவிட்டார். அம்மாவிடம் அவர் சொன்னதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை காலையில வண்டி கொண்டாறேன். அப்பாகிட்ட போறோம்னு சொன்னா தானா ஏறிடுவான்."

"அவர் இருந்தா இதுக்கு..."

"அவன் இல்லையேம்மா. அதைத்தானே சொல்றேன்."

பெரியப்பா கெட்டவர் இல்லை. தம்பியின் செருப்பை வாசலில் பார்த்து உட்கார்ந்து அழுதார். அந்த இல்லமும் நல்ல இடமாகவே இருக்கலாம். ஆனால் அண்ணா அங்கே தினமும் டம்ளரோடு வாசலில் நிற்பான். யாரும் உள்ளே கூட்டிப்போக மாட்டார்கள்.

நேற்று சாயங்காலம் அவனை நான் மெயின் ரோடு முனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டம்ளரும் வந்தது. பஸ் வந்து நின்றது. அப்பாவோடு வேலை செய்கிற ஒருவர் எங்களைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். கடைசி ஆளும் இறங்கிய பிறகு கதவு மூடி பஸ் கிளம்பியது.

"பஸ் வந்துச்சு. அப்பா வரல. அப்பா செத்துட்டாரு" என்றேன்.

"அப்பா அப்புறம்."

"அப்புறம் இல்ல அண்ணா. முடிஞ்சுது."

அந்த வார்த்தை அவனுக்குத் தெரியும். என்னைப் பார்க்கவில்லை, பஸ் போன பக்கத்தையே பார்த்தான். சத்தமில்லாமல் வீட்டுக்கு நடந்து வந்தான். கொக்கியில் தொங்கிய அப்பாவின் சட்டையைப் பார்த்த பிறகுதான் ஆரம்பித்தது. மணிக்கட்டைக் கடித்துக்கொண்டான். தலையைச் சுவரில் மோதினான். அம்மா சுவருக்கும் தலைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"பாத்தியா? காரணமே இல்லாமக் கத்தறான்" என்றார் பெரியப்பா. "ராத்திரியில உங்க ரெண்டு பேரையும் ஏதாவது பண்ணிட்டா யாரு பதில் சொல்றது?"

காரணம் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு அண்ணாவிடமும் பயம், பெரியப்பாவிடமும் பயம். அவன் அமைதியாக இருந்தால் ஒன்றும் தெரியாதவன் என்று கொண்டுபோவார்கள். அழுதால் முரடன் என்று கொண்டுபோவார்கள். அது அடம் இல்லை, அழுகை என்று நான் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள் சொன்னால் கேட்கலாம். உங்கள் வீடுகளிலும் இந்தச் சத்தம் கேட்டிருக்கிறது.

அப்பாவின் வாட்சைப் பெரியப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் வைத்துக்கொண்டது அவருடைய ஒத்திகையைத்தான். எங்கே போவதாக இருந்தாலும் அண்ணாவிடம் உண்மையை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அதை நான் விட மாட்டேன்.

இன்று சாயங்காலம் அண்ணா டம்ளரை எடுத்தான். குழாயடியில் நின்றான். தண்ணீர் பிடிக்காமல், டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தான். அம்மா அதைப் பார்த்தாள். முதல் தடவையாக, "அவனுக்குத் தெரிஞ்சுடுச்சா நிவி?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டி வருவதற்கு முன்னால், உங்களில் யாராவது எங்கள் வீட்டுக்கு வாருங்கள். காலிங் பெல் அடிக்க வேண்டாம், அந்தச் சத்தம் அவனுக்கு ஆகாது. யார் யார் வருகிறீர்கள் என்று மட்டும் இந்த எண்ணுக்கு எழுதி, ஒரு போட்டோவும் அனுப்புங்கள். நான் அவனிடம் காட்டி வைக்கிறேன்.