கஞ்சியில் போட்ட உப்பு

பத்தாவது படிக்கும் என் மகளுக்குப் பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் கசிந்தது. "உப்புத் தண்ணியில கொப்புளி சாமி, சரியாப் போயிரும்" என்றேன். கடவாய்ப் பல் வலியில் மெல்ல முடியாதவளுக்கு மாதக்கணக்கில் கஞ்சியும் ஊறுகாயும்தான் கொடுத்தேன். வாய்க்கு ருசியாக இருக்கட்டுமே என்று உப்பைத் தூக்கலாகவே போட்டேன். கேட்டால், "வலி பரவால்லம்மா" என்பாள். தலை வலிக்கிறது என்றபோது மட்டும், படிக்கச் சோம்பல் என்று திட்டினேன்.

ஒருநாள் கன்னம் வீங்கிவிட, அஸ்தம்பட்டியில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மா முதலில் அவள் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார்.

"பதினஞ்சு வயசுப் புள்ளைக்குப் பிரஷர் எதுக்குங்க பாக்கறீங்க?" என்றேன்.

அவர் மறுபடியும் அளந்து பார்த்தார். "இன்னிக்குப் பல்லைப் பிடுங்க முடியாதுங்க. பிரஷர் ரொம்ப அதிகமா இருக்குது. ஈறு இப்படிப் புண்ணாக் கெடந்தா அதுவும் பிரஷரைக் கூட்டலாம். பாப்பா என்ன சாப்பிடுது?"

"உப்புக் கஞ்சியும் ஊறுகாயுங்க" என்றாள் மகள்.

மாத்திரை போட்டுப் பிரஷர் இறங்கிய பிறகு பல்லை எடுத்தாயிற்று. பிரஷர் மாத்திரை மட்டும் நிற்கவில்லை. உப்புக் குறைத்த சோற்றைத் தலைகுனிந்து சாப்பிடுகிறாள்.

"நல்லா இருக்குதா சாமி?"

"நல்லா இருக்குதும்மா."

வலி பரவாயில்லை என்று அத்தனை மாதம் சொன்னதும் இதே குரலில்தான்.