ஆடும் தரையில் ஆடாத படம்

பத்தொன்பது வருடங்களுக்கு முன் அந்த அச்சகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்ததால் அவளுக்கு டைப்பிஸ்டம்மா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது தட்டச்சு செய்யத்தான் ஒன்றும் இல்லை. வாடிக்கையாளர்கள் எல்லாவற்றையும் தாங்களே அடித்துப் பென்டிரைவில் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளைக் கண்டால் முதலாளியின் மச்சினருக்குக் கண்ணை உறுத்தும். கீழே பைண்டிங் பிரிவில் ஆள் போதவில்லை, டைப்பிஸ்டம்மாவை அங்கே அனுப்பிவிடலாம் என்று தினமும் முதலாளியின் காதில் ஓதிக்கொண்டிருந்தார்.

பைண்டிங் ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் ஆறு வருடமாகப் புத்தகம் வாங்கிப் படித்து, தானாகவே புரோகிராம் எழுதக் கற்றவளைப் பசை வாளிக்கு முன்னால் உட்காரவைத்தால் வயிறு எரியாதா? அவள் நேரே முதலாளியிடம் போனாள். வரவேற்பறைக் கம்ப்யூட்டர் பாதி நாள் இருட்டாகவே கிடக்கிறது, நாம் அச்சடித்த நல்ல வேலைகளெல்லாம் அதில் படமாக ஓடும்படி ஒரு ஸ்க்ரீன்சேவர் எழுதித் தருகிறேன் என்றாள். திங்கட்கிழமை காட்டுங்கள், ஓடினால் கம்ப்யூட்டர் வேலை உங்களுக்கே, ஓடாவிட்டால் பைண்டிங் என்று அவர் முடித்துவிட்டார்.

படம் ஓட்டுவது சுலபம். எப்போது எழுந்து போக வேண்டும் என்று நல்ல விருந்தாளிக்குத் தெரிவதுபோல் அதற்கும் தெரிய வேண்டும், அதில்தான் சூட்சுமம். யாராவது மவுஸை நகர்த்தினால், கீபோர்டில் ஒரு விசையைத் தொட்டால், அந்தக் கணமே விலகி, விட்ட இடத்தில் வேலையைத் தர வேண்டும். வீட்டில் சோதனைக்கு அகப்பட்டவர் பஸ் ஓட்டும் அவள் கணவர். ஹாரனை அமுக்குவதுபோல் ஒரு விசையை அமுக்கினார். படம் போனது, ஆனால் அடியில் திறந்திருந்த கடிதத்தில் தேவையில்லாமல் ஒரு எழுத்து விழுந்திருந்தது. வாடிக்கையாளரின் அழைப்பிதழில் இப்படி விழுந்தால் அச்சகத்தின் மானம் கப்பலேறும். எழுப்பிய விசையைப் படமே விழுங்கிவிட்டுப் போகும்படி மாற்றினாள். ஞாயிறு மாலைக்குள் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

திங்கள் காலை முதலாளியும் மச்சினரும் பின்னால் நிற்க, வரவேற்பறையில் அதை ஓடவிட்டாள். படம் வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. மறுபடி ஓடவிட்டாள், மறுபடியும் போனது. யாரும் எதையும் தொடவில்லை. வீட்டில் நன்றாக ஓடியதே என்று அவள் சொன்னபோது தன் குரலே தனக்குப் பிடிக்கவில்லை. மச்சினர் வாய்விட்டே சிரித்தார். முதலாளி மட்டும், நாலு மணி வரை பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் வரை எழுதியதை வரி வரியாகப் படித்தாள். தப்பு இல்லை. சாப்பாட்டு நேரத்தில், டப்பாவைத் திறக்க மனசில்லாமல், வெறுப்போடு இன்னொரு தடவை ஓடவிட்டாள். படம் வந்தது, நின்றது. அடுத்தது வந்தது. இருபது படங்கள் அழகாக ஓடின. பிறகு கீழே சாப்பாட்டுக்காக நிறுத்தியிருந்த பெரிய அச்சு இயந்திரம் கிளம்பியது, உடனே படம் மறைந்தது.

மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தாள். தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள். பத்தொன்பது வருடமாகக் காலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்த தரை அது! பழகிப்போனதால் அங்கே ஒருவருக்கும் அந்த நடுக்கம் தெரிவதே இல்லை. மவுஸுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

தரை ஆடுவதால் மவுஸ் நகர்கிறது என்று மச்சினரிடம் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் அவர், வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் கேட்கும்படி.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. திரும்பிப் போய் உட்கார்ந்தாள். மவுஸ் எவ்வளவு நகர்கிறது என்று திரையிலேயே எண்ணாக வரவைத்துப் பார்த்தாள். தரை ஆடினால் ஒரு புள்ளி, மிஞ்சினால் இரண்டு. மேசையை இடித்தால்கூட ஆறேழுதான். கை பட்டால் நாற்பதுக்குக் குறையவில்லை. பத்துக்குக் கீழே எது வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று எழுதினாள். படம் கால் மணி நேரம் நின்று, பிறகு மறைந்தது. இரண்டு இரண்டாக ஊர்ந்தே மவுஸ் பத்தைத் தாண்டியிருந்தது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது சரிதான். முதலில் நின்ற இடத்திலிருந்து அளக்காமல், ஒவ்வொரு நொடியும் நிற்கிற இடத்திலிருந்து புதிதாக அளக்கவைத்தாள். தரை ஆடுவதை யாரோ வேலை செய்வதாக எண்ணிப் படம் வராமலே இருந்துவிடக் கூடாதென்று, படம் எப்போது வர வேண்டும் என்பதற்கும் அதே அளவையே வைத்தாள். எல்லாம் சேர்த்துப் பதினோரு வரி.

நாலு மணிக்கு முன் கீழே இறங்கி, மெஷின்காரரிடம் வேகத்தைக் கூட்டச் சொன்னாள்.

"முழுசா கூட்டட்டுமாக்கா? மேல உங்க படம் நிக்காதுன்னு சொன்னாங்களே."

"கூட்டுங்க, பாத்துக்கலாம்."

தரை நடுங்கியது. டம்ளரில் வளையங்கள் ஓடின. நாலு மணிக்கு மச்சினரோடு வந்த முதலாளி ஒரு கடிதத்தில் பாதி வரி அடித்துவிட்டுக் கையை எடுத்தார். இரண்டு நிமிடத்தில் படம் தானாக வந்தது, நின்றது. கால் மணி நேரத்துக்கு மேலாகியும் மறையவில்லை. மச்சினர் தற்செயலாகச் சாய்வதுபோல் மேசையை ஒரு இடி இடித்தார். தண்ணீர் சிந்தியது. படம் மட்டும் அப்படியே நின்றது.

முதலாளி மவுஸை லேசாக நகர்த்தினார். பட்டென்று படம் விலகி, பாதி வரி அப்படியே இருந்தது. அடுத்த முறை ஒரு விசையைத் தட்டிப் பார்த்தார். ஒரு எழுத்துகூட அதிகமாக விழவில்லை.

"மாப்ள, கூடம் நெஜமாவே கோணல்தான்," என்றார் முதலாளி. "ஆனா இவங்களுக்கு ஆடத் தெரியுது."

மச்சினர் சிந்திய தண்ணீரைத் துடைக்கத் துணி தேடிப் போனார். அவள் உடனே கணவரைப் போனில் கூப்பிட்டாள்.

"என்ன, பைண்டிங்கா?"

"இல்ல," என்று சொல்லித் தன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "நாற்காலி இங்கயேதான்."