ஒரு காய் மீதி

வேங்கிக்காலில் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். விளையாட்டு அறைக்குள் நுழைந்ததும் கேரம் பவுடர் வாசனை அடித்தது. கூடவே பழைய எரிச்சலும் வந்தது.

திருவண்ணாமலையில் நான் எட்டாவது படித்த அரசுப் பள்ளியிலும் ஒரு கேரம் போர்டு இருந்தது. வருடம் முழுக்கத் தலைமையாசிரியை அறையில் பீரோவுக்கு மேலே கிடக்கும். அதிகாரி பார்வையிட வரும் நாளில் மட்டும் இறக்குவார்கள். அந்த வருடம் என்னையும் என் வகுப்பு ஜெயந்தியையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். அதுவரை நான் ஸ்டிரைக்கரைத் தொட்டதே இல்லை. முதலில் நகம் வலித்தது. அரை மணி நேரத்தில் கை பழகி, காய்கள் ஒவ்வொன்றாகக் குழியில் விழுந்தன. அதிகாரி வந்தார், தலையாட்டினார், போனார். ஜீப் கிளம்பிய சத்தம் கேட்டதும் பி.டி. டீச்சர் காய்களை வாரி டப்பாவில் போட்டார்.

"டீச்சர், எனக்கு இன்னும் ஒரே ஒரு காய்தான் இருக்குது டீச்சர்!"

"அதான் அவரு போயிட்டாரே, எழுந்திரு. கிளாஸுக்குப் போ."

அன்றைக்குப் பாடம் எதுவும் காதில் ஏறவில்லை. விரலில் ஒட்டிய பவுடரைத் துடைக்கவும் மனம் வரவில்லை. அடுத்த வருடம் வேறு இருவரை உட்கார வைத்தார்கள்.

"இங்க தினமும் விளையாடுவியா?" என்று மகளிடம் கேட்டேன்.

"இல்லம்மா. மீட்டிங் அன்னிக்கு மட்டும்தான் தொறப்பாங்க."

அவளை எதிரே உட்கார வைத்துக் காய்களை அடுக்கினேன். பாதி ஆட்டத்தில் ஒரு டீச்சர் சாவியோடு வந்து, "மேடம், ரூம் பூட்டணும்ங்க" என்றார்.

"பூட்டிக்கோங்க," என்றேன். "நாங்க உள்ளயே இருக்கோம்."