வெள்ளிக்கிழமைப் புடிங்

குறிஞ்சாக்கேணியிலிருந்து ஒரு முஸ்லிம் அக்கா, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுபவர், திருகோணமலை நகரத்தில் இருக்கும் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வட்டிலாப்பமும் பால் புடிங்கும் கொண்டுவந்து விற்பார். வெள்ளிக்கிழமைகளில் நான் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சாப்பிடுவதில்லை. வட்டிலாப்பத்தில் முட்டை சேர்வதால், எனக்கென்று புடிங் ஒன்றை ஒதுக்கி வைப்பார்.

நிலாவெளி ஹோட்டல் ஒன்று அந்தப் புடிங்கைக் கிழமைதோறும் வாங்க விரும்பியது. போடும் பொருள் ஒவ்வொன்றும் ஹலால் என்று காட்ட வேண்டும் என்றார் சமையல் பொறுப்பாளர். முஸ்லிம் ஊரில், முஸ்லிம் குசினியில் செய்வதற்கு இனி என்ன காட்டுவது என்று ராத்தா கேட்டார்.

அந்த நாட்களில்தான் பல்கலைக்கழக உணவுத் தொழில்நுட்ப விரிவுரையாளர் ஒருவர், வீட்டில் சமைத்து விற்கும் பெண்களுக்கு ஹலால் வகுப்பு நடத்த வந்தார். செய்தி எடுக்கப் போனேன்; ராத்தாவும் வந்திருந்தார். பல்கலைக்கழகக் கூட்டங்களில் வழக்கமாக மேடையும் மாலையும் இருக்கும். இங்கே ஓர் அடுப்பு இருந்தது.

ராத்தா மேசையில் வைத்த சிறு பொலித்தீன் பையை விரிவுரையாளர் எடுத்துப் பார்த்தார். புடிங்கை உறைய வைக்க அவர் போடும், கடையில் நிறுத்துக் கட்டிய ஜெலட்டின். பையில் எழுத்து எதுவும் இல்லை.

"இது எதில செய்தது எண்டு தெரியுமா?"

"நம்மட காக்காட கடையில வாங்கின, மிஸ். அஞ்சு நேரமும் தொழுற மனிசன்."

"அவர் தொழுவார், ராத்தா. ஜெலட்டின் தொழாதே."

பெண்கள் சிரித்தார்கள். மாட்டின் தோல், பன்றியின் தோல், எலும்பு என்று எதிலிருந்தும் அதை எடுக்கலாம் என்று விரிவுரையாளர் விளக்கினார். மாடாக இருந்தாலும் அறுத்த முறை தெரிய வேண்டும். ராத்தாவின் முகம் வாடியது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அல்லாஹ்வே, தங்கச்சி. வெள்ளிக்கிழமையில உங்களுக்கு..."

"ஓம் ராத்தா. முட்டை மட்டும்தான் இல்ல."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஜெலட்டினுக்குப் பதிலாகக் கடற்பாசியைப் போடலாம் என்றார் விரிவுரையாளர். நோன்புக் காலத்தில் எல்லா வீட்டிலும் காய்ச்சுவதுதான். ஆனால் பால் புடிங்குக்கு அளவு வேறு. அவருடன் வந்த மாணவிகள் அங்கேயே காய்ச்சினார்கள். முதல் தட்டை ராத்தா விரலால் அமுக்கினார்.

"எறிஞ்சா திரும்பி வரும் புள்ள."

கடற்பாசியைக் குறைத்து, தண்ணீரில் முழுதாகக் கரைந்த பிறகு சூடான பாலை ஊற்றினார்கள். அது கரண்டிக்கு வழுக்கி வந்தது.

ஹோட்டலுக்கு நானும் கூடப் போனேன். எதில் உறைய வைத்தது என்று பொறுப்பாளர் கேட்டார். ராத்தா பிரிக்காத கடற்பாசிப் பக்கற்றை எடுத்து வைத்தார்.

"கடலில வாறது. வாசிச்சுப் பாருங்க, நானும் வாசிச்சிட்டன்."

அவர் வாசித்தார். இன்னொரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டார். சனிக்கிழமையிலிருந்து கொண்டுவரச் சொன்னார்.