மாமா அள்ளிய கடலட்டை

என் மாமா இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோவுக்கு வந்து இரண்டு வருடமாகியும் கடல் பக்கம் போனதில்லை. அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் அரை மணித்தியாலத்தில் கடல். கேட்டால், பார்த்த கடல் போதும் என்பார். வன்னிக் கரையில் கடலட்டை குளித்தெடுத்துப் பிழைத்த மனிதர், இங்கே தும்புத்தடியும் வாளியுமாக மற்றவர்களின் மாடிப்படிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஊரில் மாமியும் ஒரே மகனும் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட வேண்டும் என்பதைத் தவிர மாமாவுக்கு வேறு நினைப்பே இல்லை. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் அதற்குக் கேட்ட அளவுக்கு வீடும் இல்லை, காட்டக்கூடிய சம்பளமும் இல்லை. ஒவ்வொரு பின்னேரமும் தொலைபேசியில் மாமிக்கு "வாற வருசம்" என்று சொல்வார். மகன் கதைக்க வரமாட்டான். பிள்ளைக்குத் தகப்பனின் முகமே மறந்திருக்கும் என்று அம்மா குசினிக்குள் நின்று முணுமுணுப்பார்.

எனக்கு ஒன்பது வயதான கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அரியண்டம் தாங்காமல் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ஆட்கள் குளிக்கிற கடற்கரைக்குப் போகிறோம் என்று நினைத்தேன். அவரோ பிரான்காச்சோப் பக்கம் இறங்கினார். அங்கே சனம் இல்லையாம். நகரத்தில் இடித்த வீடுகளின் கல்லையும் ஓட்டையும் குளியலறைத் தரையோடுகளையும் பல காலமாகக் கொட்டியதில் கரையே கடலுக்குள் நீண்டிருந்தது. சற்றுத் தள்ளி ஒரு கழிவுக்குழாய். கம்பத்தில் தொங்கிய அறிவிப்பை நான்தான் வாசித்துச் சொன்னேன்.

"குளிக்கக் கூடாதெண்டுதானே போட்டிருக்கு? நாங்கள் குளிக்கவே வந்தனாங்கள்? கால் நனைக்க வந்தனாங்கள்" என்றார் மாமா.

கால் நனைக்கப் போனவர் முழங்காலளவு தண்ணீரில் குனிந்தபடியே நின்றுவிட்டார். பிறகு என் நீச்சல் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு முழுகினார். எழும்பியபோது கையில் கறுப்பாக, முற்றின வெள்ளரிக்காய் மாதிரி ஒன்று. கடலட்டை! உடைந்த ஓடுகளுக்கு நடுவே சேற்றைத் தின்று கொழுத்து, கால் வைக்க இடமில்லாமல் கிடந்தன. சிசிலிக்காரர் அதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. தின்பது கிடக்கட்டும், கையால் தொடவும் மாட்டார்கள். எங்கள் ஊரிலும் தின்பதில்லைதான். ஆனால் அவித்துக் காயவைத்தால் சிங்கப்பூர் வரை போகிற சாமான் அது. தங்கம் சிந்திக் கிடக்கிறது, பார்க்க ஆளில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா பாடினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் பாடி நான் கேட்டதில்லை.

அந்தக் கோடையின் ஞாயிறுகள் எல்லாம் எங்கள் இருவருக்கும் சொந்தம். நான் மேலே மிதந்தபடி கண்ணாடியால் பார்த்துக் கைகாட்டுவேன். மாமா மூச்சடக்கிப் போய் எடுப்பார். வலைப்பை என் இடுப்பில். பிடிபட்ட அட்டை வெள்ளை நூலாகக் கக்கும். அது தலைமயிரில் ஒட்டினால் கத்தரிக்கோல்தான். முதல் கிழமை நான் காட்டிய குட்டிகளை மாமா தொடவில்லை.

"சின்னனை விட்டிடவேணும் பிள்ளை. அது நாளைக்கு" என்றார்.

மூன்றாம் கிழமை பெரியவை குறைந்துபோக, நடுத்தரம் பைக்குள் ஏறியது. கடைசிக் கிழமைகளில் என் விரலளவு குட்டியைக்கூட அவர் விடவில்லை. எனக்கோ கண் கூர்மையென்று புளுகம் தலைக்கேறியிருந்தது. கல்லுக்கடியில் ஒளித்திருந்ததையும் காட்டிக்கொடுத்தேன்.

வீடு நாறியது. அம்மா பொங்கலுக்கென்று வைத்திருந்த பெரிய பானையில் அட்டை அவிந்தது. கீழ்வீட்டு சின்யோரா மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறி வந்தார். இது எங்கள் ஊர் மருந்து, இழுப்புக்கு நல்லது என்று சொல்லச் சொன்னார் மாமா. நானும் கண் வெட்டாமல் சொன்னேன். அந்த மனுசி தனக்கும் கொஞ்சம் கேட்டதுதான் கூத்து. மொட்டைமாடியில் மற்றவர்களின் படுக்கைவிரிப்புகளுக்கு நடுவே காய்ந்து, முழ நீளத்தில் இருந்தவை பெருவிரலளவாகச் சுருங்கின. இரண்டு சாக்கு சேர்ந்ததும், மாமிக்குச் சொல்வது "இந்த வருசம்" என்று மாறியது. மகனும் ஒருநாள் தொலைபேசிக்கு வந்து, அங்கே தனக்குச் சைக்கிள் இருக்குமா என்று கேட்டான்.

பள்ளிக்கூடம் தொடங்கிய கிழமை, மிலானில் இருந்த வியாபாரி ஒருவருக்கு மாமா படம் அனுப்பினார். இந்தச் சாதியை எவரும் வாங்குவதில்லை, தோல் மெல்லிது, காய்ந்தால் ஒன்றும் மிஞ்சாது என்று பதில் வந்தது. ஊரில் தொட்டுப் பார்த்தே அட்டையின் சாதி சொல்லுகிறவர், இங்கே அட்டை என்றால் அட்டைதான் என்று நம்பிவிட்டார். ஆசை கண்ணை மறைத்தது, வேறென்ன? இரண்டு சாக்கையும் அப்பாவும் அவருமாகத் தூக்கிப்போய்ச் சந்தைக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். மாமியும் மச்சானும் வந்து சேர இன்னும் ஏழு வருடம் பிடித்தது. அப்போது மச்சானுக்கு மீசை அரும்பிவிட்டிருந்தது.

அடுத்த கோடையில் நானாகத்தான் கேட்டேன். மாமா மறுக்காமல் வந்தார். தண்ணீருக்குள் முகத்தை வைத்தால் ஓடுகளையே காணவில்லை. பச்சையும் சாம்பலுமாக ஒரு வழுக்கல் எல்லாவற்றையும் மூடியிருந்தது. காலை ஊன்றியதும் கறுப்பாகக் கலங்கி, கூழ்முட்டை மணம் வந்தது. குழாய் பழையபடி கக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சேற்றை விழுங்கிச் சுத்தமாக்கித் துப்புகிற சீவன் அட்டை என்பதை நான் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். குற்றம் முழுவதும் எங்களுடையது என்று சொல்லமாட்டேன். வீட்டை இடித்துக் கொட்டியதும் குழாயைக் கடலுக்குள் விட்டதும் நாங்களல்ல. அதற்குப் பிறகும் உயிரோடிருந்ததை முடித்தது நாங்கள்.

மாமா கரைக்கு ஏறி ஒரு கல்லில் குந்தினார். பிறகு ஊரில் நடந்ததைச் சொன்னார். சண்டை முடிந்து அவர்கள் கரைக்குத் திரும்பியபோது, வேறு இடத்து ஆட்கள் காற்றுச் சிலிண்டர்களோடு வந்து, குட்டி குஞ்சு விடாமல் அள்ளி, ஒரு குடா முடிய அடுத்த குடாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்களாம். மூச்சடக்கிப் போன மாமாவுக்குக் கிடைத்தது வெறும் மணல். அதனால்தான் மாமியை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்தாராம்.

"அவங்களுக்கு மண் அள்ளித் தூத்தினனான் பிள்ளை. இந்தக் கையாலை" என்றார்.

அவர் அழுதார். அட்டை கிடைக்கவில்லையே, மாமி வரமுடியாதே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். எப்படியாவது அவரைத் தேற்ற வேண்டும் என்று தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாதேங்கோ மாமா. அடுத்த குடாவிலை கட்டாயம் கிடக்கும். நான் காட்டித் தாறன்."

மாமா என் கையை மெல்ல விலக்கிவிட்டு எழுந்து பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். நல்லது சொன்னதற்கு இதுவா மரியாதை என்று, வீடு வரும்வரை நான் அவரோடு பேசவில்லை.