முரளியின் இடப்பக்கத்தில் உட்கார்ந்தவர்

சார்லஸ் அண்ணா இன்று காலை போய்விட்டார். கீழ்க்கட்டளையில், அவர் வீட்டில்தான். காபி கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர்... அவ்வளவுதான்.

பழைய ராலி ஆட்களுக்கு அவரைத் தெரியும். என் கணவர் முரளி ராலி ஓட்டிய காலம் முழுக்க, இடது சீட்டில் உட்கார்ந்த நேவிகேட்டர் அவர்தான். மற்றவர்களுக்கு ஒரே வரியில் சொல்வதானால், வாழ்க்கையில் நான் அதிகம் பொறாமைப்பட்ட மனிதர்.

சிரிக்காதீர்கள். எந்தப் பொம்பளையைப் பார்த்தும் எனக்கு இவ்வளவு வயிறு எரிந்ததில்லை.

தெரியாதவர்களுக்காக... ராலி என்றால் டிராக்கில் சுற்றிச் சுற்றி ஓட்டுவது இல்லை. மலைப்பாதை, எஸ்டேட் ரோடு, செம்மண் தடம். முதலிலேயே ஒரு தடவை மெதுவாகப் போய், ஒவ்வொரு வளைவும் எவ்வளவு கூர்மை என்று ஒரு நம்பர், அடுத்தது எத்தனை மீட்டரில் என்று இன்னொரு நம்பர், இப்படி நேவிகேட்டர் குறித்துக்கொள்வார். போட்டியன்று அதைப் படித்துக்கொண்டே வருவார், டிரைவர் அதைக் கேட்டு ஓட்டுவார். மேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு எப்படிப் போகிறது என்றே தெரியாத இடத்தில் நேவிகேட்டர் "ஃப்ளாட்" என்றால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது.

சார்லஸ் அண்ணா "ஃப்ளாட்" என்று சொல்லி முரளி கால் எடுத்ததாகச் சரித்திரமே இல்லை.

அதே மனுஷன், "தாம்பரம் மார்க்கெட் பக்கம் போகாதீங்க, ஒரே டிராஃபிக்" என்று நான் சொன்னால் நேராக அங்கேதான் போய் மாட்டுவார். வழி தெரியாவிட்டால் இறங்கிப் போய் டீக்கடையில் கேட்பார், பக்கத்தில் இருக்கும் என்னைக் கேட்க மாட்டார். இப்போது போனில் மேப் பேசுகிறதே, அந்தப் பெண் சொல்வதையும் கேட்பதில்லை. அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஆனால் அது ஒரு காலம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ராலிக்கு முந்தின நாள் தாம்பரத்தில் மெக்கானிக் ஷெட் வாசலில் கல்யாண வீடு மாதிரி கூட்டம் நிற்கும். மலையில் ஊர் ஜனம் பாறைமேல் ஏறி நின்று கத்தும். மறுநாள் பேப்பரில் போட்டோ வரும்... தூசி, கார், உள்ளே இரண்டு ஹெல்மெட். நான் வீட்டில் பேப்பரைக் கத்தரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

என் மகள் பிறந்தபோது முரளி மலையில். சேதி போய்ச் சேர்ந்தபோது கார் கிளம்பத் தயாராக நின்றது. யாரோ ஓடி வந்து சார்லஸ் அண்ணா காதில் சொல்லியிருக்கிறார்கள். அவர் மூச்சுவிடவில்லை. அந்த ஸ்டேஜ், அதாவது போட்டியின் அந்தக் கட்டம், முழுக்க ஓட்டி முடித்து ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான், "பொண்ணு பொறந்திருக்குடா" என்றாராம்.

எனக்கு வந்த கோபம்! பார்க்க வந்தவரிடம் கேட்டே விட்டேன். "என் குழந்தை பொறந்ததை அவர்கிட்ட மறைக்க நீங்க யாரு அண்ணா?"

"சொல்லியிருந்தா சீக்கிரம் வீட்டுக்குப் போணும்னு கண்ணுமண்ணு தெரியாம ஓட்டியிருப்பாம்மா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

முரளியைப் பார்த்தேன். "அவன் செஞ்சா சரியாத்தான் இருக்கும் விஜி" என்கிறார் இவர்... தொட்டிலைப் பார்த்துக்கொண்டே.

இன்னொன்று. கிளப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பதிகளுக்காக ஒரு ஜாலி ராலி வைத்தார்கள். மனைவிதான் நேவிகேட்டர், அதுதான் ரூல். வாராது வந்த வாய்ப்பு. ராத்திரியெல்லாம் ரூட்டைப் படித்து, புதுப் புடவை கட்டிக்கொண்டு அந்த இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

வண்டலூர் தாண்டி கேளம்பாக்கம் ரோட்டில் ஒரு பிரிவு வந்தது. "லெஃப்ட்" என்றேன். முரளி காரை ஓரங்கட்டிவிட்டு, எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் போய்விட்டார்.

திரும்பி வந்தவர் முகம் சுண்டிப்போயிருந்தது. "யாருக்கு போன்?" என்றேன், தெரியாத மாதிரி.

"சார்லஸுக்கு. 'பக்கத்துல விஜிய வெச்சுக்கினு என்னை இன்னாடா கேக்கற? அவ லெஃப்டுன்னா லெஃப்ட்ல போ'ன்றான்."

ஆக, நான் சொன்ன லெஃப்ட்டையும் சார்லஸ் அண்ணா சொன்னதால்தான் திரும்பினார்! அது சரியான வழிதான். பூத்தில் போன நேரத்தால் கடைசிக்கு முந்தின இடம் கிடைத்தது. வீடு வரும் வரை நான் அவரோடு பேசவில்லை.

இன்று மதியம் செம்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து போனோம். ஐஸ் பெட்டியில், அதே அழுத்தமான வாயோடு படுத்திருந்தார். அவர் மனைவி ரோஸி அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"உன் வீட்டுக்காரர் மேல எனக்கு எவ்ளோ பொறாமை தெரியுமா விஜி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வீட்ல வாயே தெறக்க மாட்டாரு. கொழம்பு நல்லாருக்கு, நல்லால்ல... ஒரு வார்த்தை கெடையாது. கார்ல ஒக்காந்தா மூச்சு விடாம பேசுவாராமே? அந்தப் பேச்சை நான் ஒரு தடவ கூட கேட்டதில்லம்மா."

பிறகு முரளி பக்கம் திரும்பினார். "எப்படிப் பேசுவாரு முரளி? கொஞ்சம் சொல்லிக் காட்டேன்."

முரளி பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். "லெஃப்ட் ஃபோர்... அம்பது... ரைட் த்ரீ, உள்ள கல்லு இருக்கு, கட் பண்ணாத... நூறு... மேடு... ஃப்ளாட்டு, ஃப்ளாட்டு, ஃப்ளாட்டு..." ஏதோ ஒரு மலை, வளைவு வளைவாக. கடகடவென்று, சார்லஸ் அண்ணாவின் இழுவையோடு.

எங்கள் கல்யாண நாளைக் கேட்டால் முழிக்கிற மனுஷன்!

இருமல் வந்து கொஞ்சம் நிறுத்தினார். ரோஸி அக்கா முந்தானையால் வாயைப் பொத்தியபடி, "நிறுத்தாதப்பா" என்றார். மறுபடி ஆரம்பித்தார். நான் அழுதேன். பொறாமையாகவும் இருந்தது, மறைப்பானேன்?

திரும்பி வரும்போது இடது சீட்டில் நான்தான். வீடு வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் வழி சொல்லவில்லை.

நாளை காலை சர்ச்சில் பூசை முடிந்து அடக்கம்.

போய்ட்டு வாங்க சார்லஸ் அண்ணா. உங்க மேல எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல.